காலை ரத்தத்தில் கார்டிசால் 19: பயப்பட வேண்டுமா?

கேள்வி: வயது 41. தூக்கம் சரியில்லை என்று முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். கார்டிசால் 19 என்று வந்திருக்கிறது. "ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறிவிட்டது, அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது" என்று சொல்லி, தெரிந்த ஒருவர் மூன்று மாதத்துக்குப் பொடி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரம் காலை 7.40 என்று இருக்கிறது. அதே வரியின் ஓரத்தில், பொடி எழுத்தில் இரண்டு அளவுகள் உள்ளன: காலைக்கு 5 முதல் 23 வரை, மாலைக்கு 3 முதல் 13 வரை. பொடி வாங்கச் சொன்னவர் 'ஏறிவிட்டது' என்றது மாலைக் கணக்கைப் பார்த்து. காலைக்கு 19 சரியான அளவுதான்.

கார்டிசால் விடியற்காலையில் ஏறும், கண் விழிக்கும் நேரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கிக்கொண்டே வந்து நள்ளிரவில் மிகக் குறைவாக இருக்கும். தெருநாய் துரத்தினால் நெஞ்சு படபடப்பது 'அட்ரினலின்' என்ற வேறொரு ஹார்மோனின் வேலை. நொடியில் வரும், சீக்கிரம் அடங்கும். கார்டிசால் அதற்குப் பின்னால் நிதானமாக வந்து, சர்க்கரையை ரத்தத்தில் ஏற்றி உடம்பைச் சமாளிக்க வைக்கும். ஊசியைப் பார்த்துப் பயந்தாலே கொஞ்சம் கூடும். இந்த ஒற்றை எண்ணை வைத்து ஒருவரின் மன அழுத்தத்தை அளக்கவே முடியாது. பிறகு எதற்கு, எந்த மருத்துவரும் கேட்காமல், இதைப் பேக்கேஜில் சேர்த்து விற்கிறார்கள்? விளக்கிச் சொல்ல ஆளில்லாமல் ரிப்போர்ட் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. பொடி விற்பவர்களுக்கு அதுவே போதும்.

அவர் பேச்சையே பாருங்கள். ஹார்மோன் கூடிவிட்டதாம், அதைச் சுரக்கும் சுரப்பி களைத்தும்விட்டதாம்! 'அட்ரினல் களைப்பு' என்ற நோயை ஹார்மோன் மருத்துவர்கள் ஏற்பதே இல்லை.

எனக்குப் பெரிய கவலை அந்தப் பொடிதான். பெயர், கம்பெனி, லைசென்ஸ் எண் எதுவும் இல்லாத இப்படிப்பட்ட பொடிகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டை, அதாவது கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் மருந்தை, கலப்பது உண்டு. சில நாளிலேயே பசி எடுக்கும், மூட்டுவலி மறையும், தெம்பு வரும். "பார்த்தீர்களா, கேட்கிறது" என்பார்கள். அப்புறம் முகம் உப்பும், சர்க்கரை ஏறும்.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம். இப்படிப்பட்ட பொடியை ஏற்கெனவே வாரக்கணக்கில் சாப்பிட்டு வருபவர்கள், இதைப் படித்துவிட்டு இன்றே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் சொந்தச் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். திரும்பத் தொடங்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதற்குள் ஒரு காய்ச்சல் வந்தால்கூட ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொடிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள், அவர் சொல்லும் முறையில் குறையுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரைக்கும் இதே பேச்சுதான். வாந்தி, மயக்கம், கடும் சோர்வு வந்தால் நேராக அவசரப் பிரிவு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள், லேசாக இடித்தாலே கன்றிப்போகும் தோல், தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாத தொடை பலவீனம் இருந்தால் ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். அவர் இரவு உமிழ்நீரிலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ கார்டிசாலைப் பார்ப்பார். இவை இல்லையென்றால் கார்டிசாலை விட்டுவிட்டு, தூக்கத்துக்காக உங்கள் பொது மருத்துவரிடம் போங்கள். குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள்.