குளோரின் கசிந்தால் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். குளோரின் சிலிண்டர் வால்வு லேசாகக் கசிந்தால் தண்ணீர் பீய்ச்சி அடக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. ஈரம் பட்ட குளோரின் அமிலமாகி உலோகத்தை அரிக்கும், ஊசித்துளை பெரிதாகிவிடும். பயிற்சி பெற்ற இருவர் மட்டும், காற்று சிலிண்டருடன் கூடிய முகக்கவசம் அணிந்து உள்ளே போகட்டும். அமோனியா கரைசல் பாட்டிலின் ஆவியை இணைப்பருகே காட்டினால், கசியும் இடத்தில் வெண்புகை எழும். கரைசல் பித்தளையில் படக்கூடாது. படுக்கை வசத்திலுள்ள டன் கொள்கலனில் திரவமாகவே கசிந்தால், துளை மேலே வரும்படி உருட்டுங்கள்; அப்போது திரவத்துக்குப் பதில் வாயுவே கசியும். ஒரு பங்கு திரவம் சுமார் 460 பங்கு வாயுவாக விரியும். மற்றவர்கள் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக, மேட்டுக்குப் போகவேண்டும். குளோரின் காற்றைவிட 2.5 மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கும். பழைய ஈய வாஷரையே திரும்பப் போடுவது ஆபத்தான சிக்கனம். ஒவ்வொரு இணைப்புக்கும் புதிது போடுங்கள்.