கடைமடையின் கணக்கு

வணக்கம். எனக்குத் தாராபுரம் பக்கம். அப்பா திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். 2011-ல் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகளை மூடியபோது வேலை போய் ஊருக்கே வந்துவிட்டார். அதனால் ‘பசுமைத் தொழில்’ என்று யாராவது பேசினாலே எனக்குக் கோபம் வருகிறது. சுற்றுச்சூழலைப் பார்த்தால் ஊர்த் தொழில் படுத்துவிடும் என்பதுதானே நம் அனுபவம்? இன்னொன்று, நானும் இரண்டு நண்பர்களும் பனியன் கம்பெனிகளில் கட்டிங் வேஸ்ட் வாங்கித் தரம் பிரித்து நூல் மில்லுக்கு விற்கலாம் என்றிருக்கிறோம். இது சரிப்பட்டு வருமா?

க.

*

அன்புள்ள க.,

உங்கள் கோபம் நியாயமானது. 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் நின்றுபோயின. துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்றி ஏற்றுமதியாளர்கள் சமாளித்தார்கள். உங்கள் அப்பாவுக்கு அந்த வழியில்லை. ஒரு தொழிலை மாறச் சொல்லும்போது, மாறும்வரை தொழிலாளி எதை வைத்துச் சாப்பிடுவார் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். அது இல்லாத திட்டம் எவ்வளவு நல்லதானாலும் எனக்கு ஒப்புதல் இல்லை.

ஆனால் அந்த வழக்கைப் போட்டவர்கள் யார்? நொய்யல் ஆற்றுப் பாசனத்தை நம்பிய ஆயக்கட்டு விவசாயிகள். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சில வருடங்களிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. அணை நிறையத் தண்ணீர் இருக்க, ‘தயவுசெய்து திறந்துவிடாதீர்கள்’ என்று விவசாயியே கேட்கும் நிலை வந்தது. கிணறுகள் உப்பாகின. தென்னை காய்ந்தது. மாட்டுக்குக் காட்டத் தண்ணீர் இல்லை. திருப்பூரின் ஏற்றுமதிக் கணக்கில் இந்த நஷ்டத்தை எவரும் எழுதவில்லை. பட்டறைகள் நிற்பதற்குப் பத்து வருடம் முன்பே கடைமடையில், அதாவது பாசனத்தின் கடைசிக் கோடியில், விவசாயம் என்ற ஒரு தொழில் படுத்துவிட்டது என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

அங்கே வில்லங்கம் பண்ணியது நிறத்தைவிட உப்புதான். பருத்தித் துணியில் சாயம் ஏற, லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது அறுபது கிராம் உப்பு போடுவார்கள். சாயம் துணியில் ஒட்டிக்கொள்ளும், உப்பு அப்படியே வெளியே போய்விடும். பழைய சுத்திகரிப்பு முறை நிறத்தை எடுத்தது, உப்பை விட்டுவிட்டது. ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்று 2006-ல் உயர் நீதிமன்றம் சொல்லி, 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்த பிறகும் காரியம் நடக்கவில்லை. அதனால்தான் மூடும் உத்தரவு வந்தது. அப்புறம்தான் சாதாரண உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட்டுக்கு மாறினார்கள். கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ.வில் மிஞ்சும் உப்புநீரைத் தெளிய வைத்து அடுத்த சாயத்துக்கே எடுத்துக்கொள்ளும் முறை வந்தது. இன்று பட்டறைக்குக் குழாயில் வருவதில் பெரும்பகுதி அது வெளியே அனுப்பிய தண்ணீரேதான்.

இதைத் தனித்தனியாகச் செய்திருந்தால் சின்னப் பட்டறைகள் தாங்கியிருக்காது. பலர் கூட்டுச் சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையம் நடத்தியதும், மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்ததும்தான் ஊரை நிமிர்த்தின. இப்போது ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி நடக்கிறது. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பிரிக்க முடியாத கலப்பு உப்பு இன்னும் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. சாயக்கூலியும் ஏறிவிட்டது. சான்றிதழை மட்டும் கறாராகக் கேட்கும் வெளிநாட்டு வியாபாரிகள், அந்தச் செலவுக்காக விலையில் கொஞ்சம் ஏற்றச் சொன்னால் வேறு நாட்டைப் பார்க்கப் போகிறார்கள். உங்கள் கோபத்தில் பாதியை அங்கே திருப்புங்கள்.

சரி, உங்கள் யோசனைக்கு வருகிறேன். தாராளமாகச் செய்யுங்கள். கட்டிங் டேபிளில் விழும் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்துப் பஞ்சாக்கி, கழிவுப் பஞ்சையும் நூற்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்லில் நூலாக்கினால் அதற்கு மறுபடி சாயமே வேண்டாம். கருநீலத் துண்டிலிருந்து கருநீல நூல் வந்துவிடும். தண்ணீர், உப்பு இரண்டும் மிச்சம். யாரும் ‘பசுமை’ என்று பெயர் வைப்பதற்கு முன்பிருந்தே நம் பக்கம் நடந்துவரும் தொழில் இது. உங்கள் அப்பாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சாயப்பட்டறையில் இருந்தவருக்கு ஷேடு பார்க்கும் கண் இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பருத்தி மூட்டையில் பாலியெஸ்டரோ லைக்ராவோ கலந்த துண்டுகள் விழுந்தால் விலை போய்விடும். பிரித்துப் பழகிய பெண்கள் சந்தேகம் வந்தால் ஒரு இழையைக் கொளுத்திப் பார்ப்பார்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகக் கட்டிக்கொள்ளும். அந்தக் கைப்பழக்கத்துக்கு உரிய கூலி கொடுங்கள், ஈ.எஸ்.ஐ. கட்டுங்கள். குடோன் பார்க்கும்போது வாடகையை மட்டும் பார்க்காதீர்கள், இரண்டு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க இடமிருக்கிறதா என்றும் பாருங்கள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கினால் லேசில் போகாது. அந்தச் செலவை முதல் நாளே உங்கள் கணக்கு நோட்டில் எழுதிவிடுங்கள்.