மாலத்தீவு விமான வேலை இன்டர்வியூ: ஏஜெண்டுக்கு மூன்றரை லட்சம் எதற்கு?

கரூரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் இங்கே ஒரு சிறிய விமான நிறுவனத்தில் ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம் ஓட்டும் துணை விமானி, ஏறத்தாழ 1,400 மணி நேரம் பறந்திருக்கிறார். மாலத்தீவில் ஏடிஆர் வைத்திருக்கும் சின்ன நிறுவனம் ஒன்று அடுத்த மாதம் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறது. சென்னையில் ஒரு ஏஜெண்ட், மூன்றரை லட்சம் கொடுத்தால் சிமுலேட்டர் பயிற்சி, பழைய கேள்விகள், 'உள்ளே பேசி முடிப்பது' எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாராம். மகள் வேண்டாம் என்கிறார். "படிப்புக்கு வாங்கிய கடனே இன்னும் முடியவில்லை. இதையும் கொடுத்தால் வேலை நிச்சயமா? கொடுக்காவிட்டால் கைநழுவிப் போய்விடுமா?" என்று கேட்கிறார் அப்பா.

மகள் சொல்வதைக் கேளுங்கள் ஐயா. ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் இன்டர்வியூ. சின்ன நிறுவனத்தின் இன்டர்வியூ பெரிய நிறுவனத்தினுடையது மாதிரி இருக்காது. பெரிய இடத்தில் கணினித் தேர்வு, குழு விவாதம், மனநல வினாத்தாள் என்று வடிகட்டிக்கொண்டே போவார்கள். சின்ன இடத்தில் தலைமை விமானியே எதிரில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஒரு பயிற்சி கேப்டன், கூடவே ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து ஒருவர். அந்தத் தலைமை விமானி அடுத்த மாதம் உங்கள் மகளோடு ஒரே காக்பிட்டில் உட்காரப் போகிறவராகவும் இருக்கலாம். அதனால் அவர் மனதில் ஓடுவது ஒன்றுதான்: இந்தப் பெண்ணோடு ஒரு நாளில் ஆறேழு முறை ஏறி இறங்கினால் எனக்கு நிம்மதியாக இருக்குமா?

அவர் என்ன கேட்பார் என்பதற்கு ஒரு உதாரணம் தருகிறேன், உங்களுக்கே புரியும். மாலத்தீவின் உள்நாட்டு ரன்வேக்கள் பல 1,200 மீட்டர் நீளம்தான். இரண்டு முனையிலும் கடல். ஐரோப்பிய விதிக் கணக்குப்படி, ஏடிஆர் போன்ற டர்போப்ராப் விமானம் கிளம்பும் முன்பே போடும் தரையிறங்கும் தூரக் கணக்கு, போய்ச் சேரும் ரன்வேயின் 70 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். அதாவது 840 மீட்டர். மழையில் நனைந்திருந்தால் அதையும் 1.15-ஆல் வகுக்க வேண்டும், மிஞ்சுவது 730 மீட்டர். மே முதல் நவம்பர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று, ரன்வே நனைந்துதான் கிடக்கும். அப்படியானால் எடையைக் குறைக்க வேண்டி வரும், சில பைகள் அடுத்த விமானத்துக்குப் போகும், ஸ்கூபா சாமான் வரவில்லை என்று ரிசார்ட் விருந்தாளி கத்துவார், ரிசார்ட்டிலிருந்து கம்பெனிக்கு போன் வரும். கேப்டன் "பரவாயில்லை, ஏற்றிக்கொள்ளலாம்" என்கிறார். நீ துணை விமானி, என்ன செய்வாய்?

இதற்குப் புத்தகப் பதில் கிடையாது, அதைத்தான் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகள் இங்கேதான் சறுக்குவார்கள். சின்ன வயதிலிருந்து "பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வளர்த்துவிடுகிறோம், அது காக்பிட்டிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "கேப்டன் முடிவெடுப்பார் சார்" என்று சொன்னால் போச்சு. கேப்டனோடு சண்டை போடுவேன் என்றாலும் போச்சு. எண்ணைச் சொல்ல வேண்டும்: கணக்கு இவ்வளவு வருகிறது, நமக்கு இருப்பது இவ்வளவு, இந்த எடையோடு கிளம்பக்கூடாது. மரியாதையாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல். வேலையில் நடந்த இப்படிப்பட்ட இரண்டு மூன்று சம்பவங்களை மகள் இப்போதே யோசித்து வைக்கட்டும். உண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும், ஜோடித்த கதையை இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.

அடுத்தது, ஏடிஆர் ஓட்டும் எந்த நிறுவனமும் கேட்காமல் விடாத இரண்டு விபத்துகள். 2015 பிப்ரவரி 4, தைபேயில் டிரான்ஸ்ஏசியா விமானம்: ஒரு இன்ஜின் பக்கம் கோளாறு, ஆனால் விமானி குறைத்து அணைத்தது நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்றதை. 43 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரி 15, நேபாளத்தின் பொக்காராவில் எட்டி ஏர்லைன்ஸ்: இறங்கும் நேரத்தில் ஃப்ளாப் லீவரை (இறக்கையின் பின்விளிம்பை இறக்குவது) நகர்த்த வேண்டிய கை, பக்கத்திலிருந்த, புரொப்பெல்லரைக் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவர்கள் இரண்டையும் ஃபெதர் நிலைக்கு நகர்த்திவிட்டது. ஃபெதர் என்றால் புரொப்பெல்லர் தகடுகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு நிற்கும், இழுக்கிற சக்தியே இருக்காது. 72 பேர். இந்தக் கதைகளை ஒப்பிக்கத் தேவையில்லை, அவர்களுக்கே தெரியும். ஒரு லீவரைத் தொடும்போது மகளின் கை என்ன செய்கிறது, தொட்டு, வாயால் சொல்லி, பக்கத்தில் இருப்பவர் பார்த்து ஆமாம் என்ற பிறகுதான் நகர்த்துகிறதா, அதைச் சொல்லிக் காட்டினால் போதும்.

சிமுலேட்டர் தேர்வு இருந்தால் அது அவர் இப்போது ஓட்டும் அதே விமானம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே சிமுலேட்டரில் இதே இன்ஜின் கோளாறுகளைச் செய்து காட்டித்தான் இங்கே வேலையில் இருக்கிறார். ஏஜெண்ட் காட்டும் 'பயிற்சி' என்ன தெரியுமா? பெரும்பாலும் ஏதோ ஒரு ஏர்பஸ் சிமுலேட்டரில் நாலு மணி நேரம் வாடகைக்கு எடுத்து உட்கார வைப்பது. ஏடிஆர் இன்டர்வியூவுக்கு ஏர்பஸ் பயிற்சி! கியர் பஸ் ஓட்டப்போகிறவருக்கு ஆட்டோமேட்டிக் காரில் பாடம் எடுக்கிற கதை. அந்தக் காசுக்குத் தன் கம்பெனியின் பயிற்சி கேப்டன் யாராவது ஒருவரோடு ஒரு காபி குடித்துவிட்டு, ஆட்டோபைலட் இல்லாமல் ஐஎல்எஸ் (ரேடியோ வழிகாட்டலில் ரன்வேக்கு இறங்குவது), ஒரு இன்ஜினோடு கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது), இந்த இரண்டையும் பேசிப் பார்த்தால் போதும்.

சரி, இப்போது ஏஜெண்டுக்கு வருவோம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்துத் தருகிற யாராக இருந்தாலும் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவெண் இருக்கும், இமைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். பதிவு பெற்றவரே வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 35,400. ரசீதோடு. உங்களிடம் கேட்டது கிட்டத்தட்ட அதைப்போல் பத்து மடங்கு. "இது ஆள் எடுக்கும் கட்டணம் இல்லை சார், டிரெயினிங் ஃபீஸ்" என்பார். அப்படிச் சொல்லச் சொல்லித்தான் அவர்களுக்கே டிரெயினிங்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். இன்டர்வியூ அழைப்பு மகளுக்கு நேராக வந்திருக்கிறது. பிறகு ஏஜெண்ட் எதைப் பேசி முடிக்கப் போகிறார்? வழக்கமாக நடப்பது இதுதான். பத்துப் பேரிடம் வாங்குவார், அதில் இரண்டு பேருக்குத் தாங்களாகவே கிடைத்துவிடும், அந்த இரண்டு பேரின் போட்டோவைப் போட்டு அடுத்த பத்துப் பேரைப் பிடிப்பார். மீதி எட்டுப் பேருக்கு "அடுத்த பேட்ச்". விசா செலவு என்று தனியாகவும் கேட்பார்கள். மாலத்தீவு போய் இறங்கினால் நம் ஊர்க்காரருக்கு வருகை விசா இலவசம். வேலை விசா வேறு, அந்த அனுமதியை வாங்கித் தர வேண்டியது நிறுவனம். வருகை விசாவில் போய் முதலில் சேர்ந்துகொள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட வேண்டும்.

கடல் விமானப் பயிற்சி என்று ஒன்றையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். மாலத்தீவில் மிதவை பொருத்திய ட்வின் ஆட்டர் என்ற சின்ன விமானங்கள் நிறையப் பறக்கின்றன, உலகிலேயே பெரிய கடல் விமான நிறுவனம் அங்கேதான் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதில் துணை விமானி இருக்கை பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு, கேப்டனாக வருகிற வெளிநாட்டார் ஏற்கெனவே தண்ணீரில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டியவர்கள். வெளிநாட்டில் சில நாள் கோர்ஸ் முடித்து வாங்குகிற சர்டிபிகேட்டுக்கு அங்கே மதிப்பில்லை. வேண்டாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் சொல்வது பொருந்தாது, அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதைத் தெரியாமல் நல்ல வாய்ப்பைத் தட்டிவிட்டவர்களும் இருக்கிறார்கள். சின்ன நிறுவனங்கள் சில, தாமே ஆள் எடுப்பதில்லை. விமானிகளை ஒப்பந்தத்தில் அனுப்புகிற ஏஜென்சிகளிடம் விட்டுவிடும். பெரும்பாலும் ஐரோப்பாவிலோ துபாயிலோ இருப்பார்கள். விளம்பரம், படிவம், முதல் போன் பேச்சு எல்லாம் அவர்களிடமிருந்துதான் வரும், பார்த்தால் நம்மூர் ஏஜெண்ட் மாதிரியே தோன்றும். ஆனால் அவர்களுக்குக் காசு கொடுப்பது விமான நிறுவனம், விமானி ஒரு பைசா கொடுக்க மாட்டார். காசு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், அது ஒன்றே பரிசோதனை. அவர்கள் நேர்மையானவர்கள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவும் கூடாது. அங்கே முதலாளி விமான நிறுவனமா, ஏஜென்சியா? சம்பளம் நின்றால் யாரைக் கேட்பது? உடம்புக்கு முடியாமல் லைசென்ஸ் போனால் காப்பீடு யார் பெயரில்? நிறுவனம் "நாளையிலிருந்து வேண்டாம்" என்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு? நேரடி வேலையில் இவை எல்லாம் ஒரே தாளில் இருக்கும், ஏஜென்சி வழியாகப் போனால் இரண்டு தாள், இரண்டும் ஒன்றையொன்று மறுக்காமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்கு வந்தது நேரடி அழைப்பு என்றே தெரிகிறது. மின்னஞ்சல் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து வந்ததா, ஜிமெயிலா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு மகளே போன் போட்டு, இன்டர்வியூ உண்டா என்று கேட்டுக்கொள்ளட்டும். தப்பாக நினைக்க மாட்டார்கள்.

காகிதங்கள். இதில்தான் நம் ஆட்கள் நொந்து போகிறார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பார்த்து டிஜிசிஏ (நம் விமானப் போக்குவரத்து ஆணையம்) கொடுத்த லைசென்ஸில் வெறும் இனிஷியல் இருக்கும், பறந்த மணிக்கணக்கு எழுதும் லாக்புக்கில் வேறு மாதிரி. நமக்கு இது ஒரு விஷயமே இல்லை, வெளிநாட்டு அதிகாரிக்கு அது மூன்று வேறு ஆள். எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு அஃபிடவிட் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லாக்புக்கின் ஒவ்வொரு பக்கக் கூட்டலையும் மகள் மறுபடி போட்டுப் பார்க்கட்டும். 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய சிலர் இங்கே பிடிபட்டார்கள் அல்லவா, நம் லாக்புக்கைப் புரட்டுகிறவர் அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் புரட்டுவார்.

தேர்வானபின் அந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் இந்திய லைசென்ஸ் உண்மையானதுதானா என்று டிஜிசிஏவைக் கேட்கும். விண்ணப்பிப்பது எல்லாம் ஆன்லைன்தான், அது மட்டும் வேகம். பதில் எப்போது போகும் என்று கேட்டால் "பிராசஸில் இருக்கிறது". கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு லைசென்ஸை ஆமாம், எங்களுடையதுதான் என்று சொல்ல ஏன் நாளாக வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. போன் எடுக்க ஆள் இல்லாத இடத்தில்தான் "எனக்கு உள்ளே ஆள் இருக்கு" என்கிறவன் பிழைக்கிறான். அவனுக்கும் உள்ளே ஆள் இல்லை ஐயா, தானாக வருகிற கடிதத்துக்குத் தேதி பார்த்துக் காசு வாங்குகிறான், அவ்வளவுதான். மெடிக்கல், ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) மூன்றும் இன்டர்வியூவுக்குப் பிறகு ஆறு மாதமாவது செல்லுபடியாகும்படி பார்த்துக்கொள்ளட்டும். நடுவில் ஒன்று காலாவதியானால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

சம்பளத்தைப் பற்றி இன்டர்வியூவில் கேட்கலாமா என்றால், கடைசியில் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். எவ்வளவு என்பதைவிட எந்தப் பணத்தில் என்பது முக்கியம். அங்கே டாலர் தட்டுப்பாடு உண்டு, ஒரு பகுதியை அந்த ஊர்ப் பணமான ரூஃபியாவில் தருவார்களானால் அதை ஊருக்கு அனுப்புவது பெரும் பாடு. மாதம் 60,000 ரூஃபியாவுக்கு மேல் போனால் 2020-இலிருந்து அங்கே வருமான வரியும் உண்டு. தங்க இடம், விடுப்புச் சுழற்சி, ஊர் வர டிக்கெட் இவற்றையும் எழுத்தில் வாங்க வேண்டும். பாண்ட் (இத்தனை ஆண்டுக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்ற பத்திரம்) கேட்டால் எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை, வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பத் தொகை குறையுமா என்று பார்க்க வேண்டும். குறையாத பாண்டில் கையெழுத்து வேண்டாம். ஜாமீனாக உங்கள் வெற்றுக் காசோலையை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, எல்லாரும் மறந்துவிடுகிற ஒன்று. மகள் இங்கே வேலையில் இருப்பவர். டிஜிசிஏ 2017-இல் கொண்டுவந்த விதிப்படி துணை விமானி ஆறு மாதம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், கேப்டன் என்றால் ஒரு வருடம். எந்த வெளிநாட்டுச் சின்ன நிறுவனம் ஒரு ஆளுக்காக ஆறு மாதம் காத்திருக்கும் என்று இதைப் போட்டவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை. இப்போதைய கம்பெனி மனது வைத்து என்ஓசி (தடையில்லாச் சான்று) கொடுத்தால் சீக்கிரம் விடுபடலாம், இல்லையென்றால் ஆறு மாதம்தான். "எப்போது சேர முடியும்?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடட்டும், ஆசைப்பட்டு அடுத்த மாதம் என்று சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்தாகி அது கைக்கு வரும்வரை இங்கே ராஜினாமா கடிதம் கொடுக்கக்கூடாது. வாட்ஸ்அப்பில் வந்த 'வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்' ஒப்பந்தம் ஆகாது.