மங்கிய ஹெட்லைட்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் கார் வாங்கிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. ஷெட் இல்லாததால் நாள் முழுவதும் வெயிலில்தான் நிற்கிறது. ஹெட்லைட் கண்ணாடி மஞ்சள் பூத்துவிட்டது. இரவில் நாகர்கோவில் சாலையில் ஓட்டவே பயமாக இருக்கிறது. ஒரு பட்டறையில் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். இன்னொன்றில் பாலிஷ் போதும் என்கிறார்கள். மைத்துனரோ பற்பசை தேய்க்கச் சொல்கிறார். எதைக் கேட்பது?
வாசகர், வள்ளியூர்

பதில்: மாற்றுவதற்கு அவசரப்படாதீர்கள். பாலிஷுக்கும் உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

நாம் கண்ணாடி என்று சொன்னாலும் அது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். கல் பட்டால் எளிதில் உடையாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்காது. அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன்மேல் ஒரு காப்புப் பூச்சு தருகிறார்கள். உங்கள் காரில் மஞ்சளாகி உரிவது அந்தப் பூச்சும் அதனடியில் உள்ள மேல்தோலும்தான். உங்கள் ஊரில் ஆனி, ஆடிக் காற்று மணலை வேறு வாரி அடிக்கிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடிமேல் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரம் இருக்கும்வரை தெளிந்து தெரிந்தால் பழுது வெளிப்புறத்தில் இருக்கிறது, தேய்த்துச் சரிசெய்யலாம். உள்ளே விரிசலோ, ஒளியைத் திருப்பும் பூச்சு கருகியோ இருந்தால் மாற்றுவதே வழி.

வேலை இப்படி நடக்க வேண்டும். சுற்றியுள்ள பெயிண்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, 800 அல்லது 1000 எண் வாட்டர் பேப்பரால் (நீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். முதலில் மஞ்சளாக வழியும் நீர் வெள்ளையாக மாறும்வரை விடக் கூடாது. பழைய பூச்சு திட்டுத்திட்டாக நின்றால் பிறகு கறையாகத் தெரியும். அடுத்து இன்னும் நைசான 2000, 3000 எண் தாள்கள், பிறகு பாலிஷ். தின்னரோ பெட்ரோலோ தொடவே கூடாது, பாலிகார்பனேட்டில் விரிசல் விழுந்துவிடும்.

பலர் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். பாலிஷ் முடிந்ததும் புதிதுபோல் மின்னும். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். காப்பே இல்லாத பிளாஸ்டிக் சில மாதங்களில் மறுபடி மங்கிவிடும். பற்பசையின் கதையும் இதுதான். அது லேசாக அராவுமே தவிர எதையும் காக்காது. மெழுகும் நீடிக்காது. ஆகவே பேரம் பேசுமுன், "புற ஊதாக் கதிரைத் தடுக்கும், நிறமில்லாத கிளியர் கோட் பூச்சு அடிப்பீர்களா?" என்று கேளுங்கள். பூச்சை இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் வகை நீண்ட நாள் உழைக்கும். அதன் புகை நுரையீரலுக்குக் கெடுதல். அதை வீட்டில் முயல வேண்டாம். காற்றடி காலத்தில் திறந்த வெளியில் அடித்தால் தூசி ஒட்டிக்கொள்ளும். மூடிய ஷெட் உள்ள பட்டறையாகப் பாருங்கள். பில்லில் "கிளியர் கோட் உட்பட" என்று எழுதி வாங்குங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சேவைக் குறைபாட்டுக்கும் பொருந்தும்; முறையிட நேர்ந்தால் அந்த பில்தான் உங்கள் சாட்சி.

கேள்வி: மழை பெய்தால் ஹெட்லைட்டின் உள்பக்கம் வியர்க்கிறது. துளை போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக்.
வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: துளை வேண்டாம், தூசியும் நீரும் அதன் வழியே நிரந்தரமாகக் குடியேறும். மெல்லிய பனிப்படலம் விளக்கைப் போட்டுச் சற்று நேரத்தில் மறைந்தால் அது இயல்பு. துளியாகத் திரண்டு அடியில் தேங்கினால், பின்புற ரப்பர் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல்பு மாற்றியபோது அதைச் சரியாகப் பொருத்தாமல் விட்டிருப்பார்கள். மூடி சரியாக இருந்தும் நீர் கோத்தால், விளிம்பின் ஒட்டுப் பசை விட்டிருக்கிறது என்று பொருள். கழற்றி உலர்த்தி மறுபடி ஒட்டச் சொல்லுங்கள்.