இடைவெளி விட்டால் ஓட்டோ நுழைந்துவிடுமே? வாகனம் ஓட்டுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

கொழும்பில் வாகனம் ஓட்டப் பழக்குவது என் தொழில். விபத்தைத் தவிர்ப்பது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரேமாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். உலகம் முழுவதும் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 12 இலட்சம் பேர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. 5 முதல் 29 வயது வரையான பிள்ளைகளையும் இளைஞர்களையும் அதிகம் கொல்வது நோய் அல்ல, வீதிதான். அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேர், லைசன்ஸ் எடுத்து மூன்று மாதம். முன் வாகனத்துக்கு இடைவெளி விடு என்று பழக்கினார்கள். காலி வீதியில் (Galle Road) இடைவெளி விட்டால் உடனே ஓர் ஓட்டோ நுழைகிறது. பிறகு விட்டு என்ன பிரயோசனம்? (தெஹிவளை)

நுழையட்டும், தம்பி. 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனில் கார் 14 மீற்றர் ஓடிவிடும். முன்னால் பிரேக் லைட் எரிவதைக் கண்டு உங்கள் கால் பிரேக்கில் அழுந்தவே ஒரு செக்கன், சிலவேளை ஒன்றரை செக்கன் ஆகும். அதுவரை வண்டி கொஞ்சமும் வேகம் குறைக்காமல் போய்க்கொண்டிருக்கும். மூன்று கார் நீளத்துக்கும் குறைவாக ஒட்டிக்கொண்டு போகும்போது முன் வாகனம் எதிலாவது மோதிச் சட்டென்று நின்றுவிட்டால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே அடித்துவிட்டீர்கள் என்றுதான் கணக்கு.

முன் வாகனம் ஒரு விளக்குக் கம்பத்தைக் கடக்கும்போது 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று மனதுக்குள் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும் முன் நீங்கள் அந்தக் கம்பத்தை எட்டினால் நெருங்கிவிட்டீர்கள். மழை என்றால் நான்கு வரை எண்ணுங்கள். ஓட்டோ நுழைந்தால் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், இடைவெளி திரும்ப வந்துவிடும். அதற்கு உங்களுக்கு ஆகும் செலவு இரண்டு செக்கன். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி போவதற்குள் பத்துப் பேர் நுழைந்தாலும் 20 செக்கன்தான் பிந்துவீர்கள். அடுத்த சிக்னலில் அந்தப் பத்துப் பேரும் உங்களுக்கு முன்னால்தான் நிற்பார்கள்.

மஞ்சள் கடவையில் ஆட்களுக்காக நிறுத்துகிறேன். பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள், பக்கத்து நிரையில் வருபவர் நிற்காமலே போகிறார். நிறுத்துவதா, போவதா? (பம்பலப்பிட்டி)

கட்டாயம் நிறுத்துங்கள். ஆனால் எப்படி நிறுத்துகிறீர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கடவையை நெருங்கும்போதே பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு வாருங்கள். பின்னால் வருபவருக்கு உங்கள் லைட்தான் சேதி சொல்லும். கோட்டுக்கு மிக அருகே போகாமல் ஒரு கார் நீளம் தள்ளி நில்லுங்கள். அப்படி நின்றால்தான் கடப்பவருக்குப் பக்கத்து நிரையில் வரும் வாகனம் தெரியும், அந்தச் சாரதிக்கும் அவர் தெரிவார்.

இன்னொன்று, இதைப் பலர் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள்: கையசைத்து 'வாங்க, வாங்க' என்று கூப்பிடுவது. தயவுசெய்து கூப்பிடாதீர்கள். உங்கள் கையை நம்பி அந்த அம்மா குனிந்த தலையோடு நடப்பார். உங்களுக்கு அப்பால் வரும் மோட்டார் சைக்கிளுக்கு நீங்கள் பொறுப்பெடுக்க முடியாது. நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள், அவர் தானே பார்த்துக் கடக்கட்டும்.

அதேபோல், கடவைக்கு முன்னால் ஒரு பஸ் நிற்கக் கண்டால், அதற்கு முன்னால் யாரோ நடக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த பஸ்ஸை முந்தவே கூடாது.

பாடசாலை பக்கத்தில்தான். ஐந்து நிமிடப் பயணம். மகளை முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போகிறோம், கணவர் மெதுவாகத்தான் ஓட்டுவார். பரவாயில்லையா? (வெள்ளவத்தை)

இல்லை, தங்கச்சி. தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவது சுமார் பத்து மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். அந்த வேகத்தில் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து வைக்க முடியாது. பாசம் போதாமல் இல்லை, பலம் போதாது. மடியில் இருக்கும் பிள்ளை டாஷ்போர்டுக்கும் உங்கள் உடம்புக்கும் நடுவே நசுங்கும். முன்னால் ஏர்பேக் இருந்தால் இன்னும் மோசம், அது பெரியவர்களின் உடம்புக்காகச் செய்யப்பட்டது.

பிள்ளை பின் சீட்டில், வயதுக்கேற்ற சிறுவர் ஆசனத்தில் இருக்கட்டும். பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளின் மேலாகப் போக வேண்டும். முதல் ஒரு வாரம் அழுவாள், பிறகு தானே பெல்ட்டைக் கேட்பாள்.

இறங்கும்போது எப்போதும் இடது பக்கக் கதவால், நடைபாதைப் பக்கமாக இறக்குங்கள். உங்கள் கணவருக்கும் ஒரு பழக்கம் சொல்கிறேன். சாரதிப் பக்கக் கதவை வலது கையால் திறக்காமல் இடது கையால் திறக்கச் சொல்லுங்கள். இடது கை கதவுக்குப் போக வேண்டுமென்றால் உடம்பு தானே வலப்பக்கம் திரும்பும், கண் காரின் பக்கக் கண்ணாடியையும் பின்னால் வரும் சைக்கிளையும் பார்த்துவிடும். செய்து பாருங்கள், யோசிக்காமலே நடக்கும்.

சாப்பாடு டெலிவரி செய்கிறேன் அண்ணா. நேரத்துக்குப் போகாவிட்டால் காசு குறையும். பஸ் நின்றால் இடப்பக்கத்தால்தான் போக முடிகிறது. (பொரளை)

உங்கள் நெருக்கடி புரிகிறது. ஆனால் நிற்கிற பஸ்ஸின் இடப்பக்கம் கதவு இருக்கும் பக்கம். இறங்குபவர் முதலில் காலைத்தான் வைப்பார், பிறகுதான் பார்ப்பார். அந்த ஓர் இடத்தில் மட்டும் பின்னால் காத்திருங்கள். மற்றது, பஸ்ஸின் கண்ணாடியில் சாரதியின் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால் அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே இறுக்கிப் பூட்டுங்கள். பூட்டாத ஹெல்மெட் தலைக்கு முன்பே தரையில் விழும். ஃபோனில் வரும் அடுத்த ஓடரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசலாம்தானே? (கொட்டாஞ்சேனை)

கை சும்மா இருந்தாலும் மனம் பேச்சில்தான் இருக்கும். வீட்டில் சொல்லி வையுங்கள்: ஓட்டும்போது எடுக்கமாட்டேன், போய்ச் சேர்ந்து எடுக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டு யாழ்ப்பாணம் போவது வழக்கம். நித்திரை வந்தால் ஜன்னலைத் திறந்து பாட்டுப் போடுவேன். (கிருலப்பனை)

காலை ஆறுக்கு எழும்பியவர் இரவு பதினொன்றுக்கு 17 மணித்தியாலம் விழித்திருக்கிறார். நீங்கள் புத்தளத்தை எட்டும் முன்பே அந்தக் கணக்கு வந்துவிடும். அப்படி விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் கவனத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எங்கள் சட்டத்தில் எல்லை 0.08. ஆனால் பல நாடுகளில் 0.05 இலேயே பிடிப்பார்கள். நீங்கள் அந்த நிலையில், லைட் இல்லாமல் நிற்கும் லொறியும் மாடும் சில இடங்களில் யானையும் குறுக்கிடும் வீதியில் ஓட்டுகிறீர்கள்.

காற்றும் பாட்டும் சில நிமிடம்தான் தாங்கும். கடைசி இரண்டு கிலோமீற்றர் எப்படி வந்தது என்று நினைவில்லை என்றால் உடனே வெளிச்சமான இடத்தில் நிறுத்துங்கள். ஒரு தேநீரோ கோப்பியோ குடித்துவிட்டு 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். குடித்தது வேலை செய்யத் தொடங்க அவ்வளவு நேரம் எடுக்கும், அதுவும் தூக்கமும் சேர்ந்து உதவும். அதைவிட நல்லது, சனிக்கிழமை அதிகாலை நன்றாக நித்திரை கொண்டெழுந்து புறப்படுவது. அம்மா ஆறு மணித்தியாலம் பிந்தி உங்களைக் கண்டால் ஒன்றும் ஆகாது.

மழையில் என்ன கவனிக்க வேண்டும்? (கிராண்ட்பாஸ்)

முதல் பத்து நிமிடம்தான் வழுக்கல் அதிகம், வீதியில் கிடக்கும் எண்ணெயும் தூசும் கரையும் நேரம். ஹெட்லைட் போடுங்கள். நான்கு சிக்னலையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. தேங்கிய நீரில் ஸ்டியரிங் திடீரென்று இலேசானால் டயர் வீதியைத் தொடவில்லை என்று அர்த்தம். பிரேக்கை மிதிக்காமல் காலை எடுத்து, நேராகப் பிடித்திருங்கள். வழவழப்பான டயரோடு இதெல்லாம் பலிக்காது.

கண் முன்னால் விபத்து நடந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? (மருதானை)

உங்கள் வாகனத்தைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி, பின்னால் வருபவர்களை எச்சரிக்க ஒருவரை நிறுத்துங்கள். 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பொலிஸுக்கு 119. அடிபட்டவரை ஓட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள், கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்தத் தூக்கலே கெடுத்துவிடும். தீயோ வேறு ஆபத்தோ இல்லாவிட்டால் கிடந்த இடத்திலேயே இருக்கட்டும். ஹெல்மெட்டையும் இழுத்துக் கழற்ற வேண்டாம். இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஃபோனில் இடம் சொல்லும்போது வீதிப் பெயரோடு பக்கத்துக் கடையையோ கோவிலையோ சொல்லுங்கள், வாகனம் எந்தப் பக்கம் போகும் நிரையில் நிற்கிறது என்பதையும் சொல்லுங்கள்.