தமிழில் நாள்தோறும் எழுதுபவர் புதிய மடிக்கணினி வாங்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்?

நேராகவே சொல்லிவிடுகிறேன்: விசைப்பலகையைப் பாருங்கள்; அதிலும் வலது கை ஓரத்தில் இருக்கும் விசைகளைப் பாருங்கள். நாளுக்கு ஏழெட்டுப் பக்கம் தமிழில் எழுதுவதாகவும், அதில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு என்றும், ஐந்தாண்டுகளாவது உழைக்கக்கூடிய கணினியும் அதற்கேற்ற மென்பொருள்களும் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே தொழில்தான். புதிதாக வரும் கணினிகளைப் பற்றித் தேடிப் படிப்பதும், நண்பர்கள் வாங்கப் போகும்போது கூடவே சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் வருவதும் எனக்கு நெடுநாள் பழக்கம். புராசசரையும் திரையையும் பற்றிக் கடைக்காரர் அரைமணி நேரம் விளக்குவார். ஆனால் வாங்கிய பிறகு நாள் முழுவதும் நம் விரல் படப்போகும் விசைகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு எடை குறைவு என்பதற்காகவே ஒரு மெல்லிய மடிக்கணினியை வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அகலத்தைக் குறைப்பதற்காக, என்டர் விசையை ஒட்டியிருந்த நான்கைந்து விசைகளை அதில் பாதி அளவுக்குச் சுருக்கியிருந்தார்கள். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவருக்கு அங்கே இருப்பவை அடைப்புக்குறிகளும் அரைப்புள்ளியும் மேற்கோள் குறியுந்தான். பெரிதாக இடைஞ்சல் இராது. தமிழ் 99 என்ற விசைப்பலகை முறையில் எழுதும் எனக்கோ அவை ச, ஞ, ந, ய. முதல் வாரத்திலேயே ‘செய்தான்’ என்பது ‘ஞெய்தான்’ ஆனது. அதையாவது கண் உடனே பிடித்துவிடும். ‘நான்’ என்பது ‘யான்’ ஆனபோதுதான் சிக்கல் வந்தது. ‘யான்’ என்பதும் நல்ல தமிழ்ச் சொல்லாகையால், சொல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் பிழைதிருத்தி அதைக் கண்டுகொள்ளாது. இன்றைய நகரத்து இளைஞன் ஒருவன் பேசும் நாவலின் மொழிபெயர்ப்பில் மூன்று இடங்களில் ‘யான்’ என்று இருந்ததைப் பதிப்பாசிரியர் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நீங்கள் எந்த முறையில் தட்டச்சு செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழாக மாற்றும் முறையில் எழுதுகிறீர்கள் என்றால், புதிய கணினி வாங்கும் இந்தத் தறுவாயிலேயே தமிழ் 99க்கு மாறிவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு தரப்படுத்திய விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடது கைக்கும், மெய்யெழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை வலது கைக்கும் வருகின்றன. அ, இ, உ மூன்றும் நடு வரிசையில் இருக்க, அவற்றின் நெடில்களான ஆ, ஈ, ஊ நேர் மேலே அமர்ந்திருக்கின்றன. ‘தங்கம்’ என்று எழுத த, ங, க, ம, புள்ளி என ஐந்தே அடிகள் போதும். ங-வை அடுத்துக் க வந்தால் இடையில் புள்ளி தானாகவே விழும். ந்த, ண்ட, ம்ப, ன்ற ஆகியவற்றுக்கும் அப்படியே. ஒரே மெய்யை இருமுறை அடித்தாலும் முன்னதற்குப் புள்ளி வந்துவிடும் என்பதால் ‘அப்பா’ நான்கு அடிகளில் முடிந்துவிடுகிறது. ‘மமதை’ போன்ற சொற்களில் மட்டும் இரண்டு ம-வுக்கும் நடுவே அ விசையைத் தட்டிப் புள்ளியைத் தடுக்க வேண்டும். தமிழில் எந்தெந்த எழுத்துகள் இணைந்து வரும் என்பதை நன்கு அறிந்தவர்கள் வகுத்த முறை என்பது எழுத எழுதத்தான் புரியும். எனக்குக் கை பழக மூன்று வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு மனத்தில் சொல்லை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டும் வேலையே இல்லாமல் போனது.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. ண, ந, ய, ச, ஞ, ழ ஆகிய ஆறும் வலது கைச் சுண்டுவிரலின் பொறுப்பில் வருகின்றன. ந-வும் ச-வும் ய-வும் இல்லாமல் தமிழில் ஒரு பத்தி எழுத முடியாது. ஆகவே கைகளில் மிக மெலிந்த விரலுக்கு ஓயாத வேலை. அந்த விசைகள் முழு அளவில் இருக்கின்றனவா, இலகுவாக இறங்குகின்றனவா என்பது நமக்கு மிக முக்கியம். கடையில் நான் எப்போதும் ‘ஞாயிறன்று மழையில் நனைந்த சேவல் வாசலில் நின்றது’ என்ற வாக்கியத்தைப் பத்து முறை அடித்துப் பார்ப்பேன். அந்தக் கணினியில் தமிழ் நிறுவப்பட்டிருக்க வேண்டியதில்லை. திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்தாலும் விரல்களின் ஓட்டம் ஒன்றுதான். அடிக்கும்போது பலகையின் நடுப்பகுதி, அதாவது க-வும் ப-வும் இருக்கும் இடம், உள்வாங்குகிறதா என்றும் கவனியுங்கள். மேல் அம்பு விசையை வலது ஷிப்டின் பக்கத்தில் திணித்திருந்தால் ழ அடிக்கப்போகும் விரல் அதில் இடறும்.

மெல்லிய உடலுக்காக விசைகளைப் பலி கொடுப்பது பெரிய நிறுவனங்களையும் விட்டுவைக்கவில்லை. ஆப்பிள் 2015இல் 12 அங்குல மேக்புக்கில் கொண்டுவந்த ‘பட்டர்ஃபிளை’ விசைகளில் சிறு தூசி புகுந்தாலே விசை சிக்கிக்கொள்கிறது என்ற புகார்கள் பெருகி, 2018இல் இலவசமாகப் பழுதுபார்க்கும் திட்டத்தை அறிவிக்க வேண்டியதாயிற்று. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் புரோவில் பழைய ‘சிசர்’ அமைப்புக்கே திரும்பிவிட்டார்கள்.

வீட்டு மேசையில் எழுதுவதற்குத் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்சு கொண்ட மெக்கானிக்கல் விசைப்பலகை ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கணினியின் விலையில் சிறு பகுதிதான். பயனோ ஒவ்வொரு மணி நேரமும் தெரியும். மடிக்கணினி விசைகள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரைதான் இறங்கும். மெக்கானிக்கல் விசை சுமார் 4 மில்லிமீட்டர் இறங்கக்கூடியது. பாதித் தூரத்திலேயே எழுத்து பதிந்துவிடும் என்பதால் விரல் அடித்தட்டில் மோதத் தேவையில்லை. சிவப்பு, பழுப்பு, நீலம் என்று ஸ்விட்சுகளை நிறத்தால் அழைப்பார்கள். நீலம் ஒவ்வோர் அடிக்கும் ‘டிக்’ என்று ஒலிக்கும். உறங்கும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. சுண்டுவிரலை மனத்தில் வைத்து நான் சிவப்பையே சொல்வேன். 45 கிராம் அளவு அழுத்தமே போதும். ஸ்விட்சைப் பற்றவைப்பை உருக்காமலே கழற்றி மாற்றக்கூடிய வகையாக வாங்கினால், ஒரு விசை பழுதானதும் அதை மட்டும் மாற்றிவிடலாம். மிகச் சிறிய பலகைகளின் அழகில் மயங்கிவிடாதீர்கள். முழுப் பலகையில் 40 சதவீதம் என்று விற்கப்படுபவற்றில் ச-வும் ஞ-வும் தனி விசையாகவே இராது.

கணினியின் உள்ளே பார்க்க வேண்டியவை குறைவு. நம் வேலைக்கு இன்றைய நடுத்தர புராசசர் எதுவும் போதும். ரேம் 16 ஜிபிக்குக் குறைய வேண்டாம். பல புதிய கணினிகளில் அதைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள், பின்னால் கூட்டவே முடியாது. செயற்கை நுண்ணறிவுக்கெனத் தனிப் பகுதி கொண்ட ‘கோபைலட் பிளஸ்’ கணினிகளை மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்தது. எழுத்து வேலைக்காக மட்டும் அவற்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் என்பது என் கருத்து. ஸ்னாப்டிராகன் சிப் கொண்டவற்றில் பேட்டரி நெடுநேரம் நிற்கிறது. ஆனால் சாதனங்களை இயக்கும் ‘டிரைவர்’ மென்பொருள்கள் அந்தச் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதால், வீட்டில் பழைய அச்சுப்பொறியோ ஸ்கேனரோ இருந்தால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளுக்கு வருகிறேன். தமிழ் 99 விண்டோஸிலும் மேக்கிலும் இப்போது உடன் வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். விண்டோஸில் விண்டோஸ் விசையையும் இடவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். விண்டோஸ் விசையோடு வி-யை அழுத்தினால், முன்பு நகலெடுத்தவை வரிசையாக வந்து நிற்கும். ஒரே பெயரைப் பலமுறை ஒட்ட வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்கு இது பெரும் உதவி. புதிய விசைப்பலகைகளில் மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்காக வரும் கோபைலட் விசை உங்களுக்குத் தேவைப்படாவிட்டால், பவர்டாய்ஸ் என்ற இலவசத் தொகுப்பைக் கொண்டு அதற்கு வேறு வேலை கொடுக்கலாம்.

எழுதுவதற்கு லிப்ரெஆஃபிஸ் என்ற இலவசத் தொகுப்பு போதும். அதில் புதிதாக வருபவர் எல்லாரும் ஓரிடத்தில் தடுமாறுவார்கள்: எழுத்துருவை மாற்றுவார்கள், தமிழ் எழுத்து மட்டும் மாறாமல் அப்படியே நிற்கும். தமிழை அது ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற தனிப் பிரிவில் வைத்திருப்பதே காரணம். மொழி அமைப்புகளில் அப்பிரிவை இயக்கிவிட்டு, அங்கே நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவை ஒருமுறை அமைத்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை. ஒற்றுப் பிழைகளைப் பார்க்க நீச்சல்காரன் உருவாக்கிய நாவியும், சொற்பிழைகளுக்கு அவருடைய வாணியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் எந்தக் கோப்பையும் அவற்றில் இடாமல் அனுப்புவதில்லை. அச்சுப் பக்கங்களைப் படம்பிடித்து எழுத்தாக மாற்றும் டெசராக்ட் என்ற மென்பொருளுக்குத் தமிழ் தெரியும். நல்ல தெளிவான படம் கொடுத்தால் திருத்தும் வேலை வெகுவாகக் குறைகிறது.

உங்கள் பழைய கணினியை விற்றுவிடாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது; உங்களுடையது விண்டோஸ் 11ஐ ஏற்காத கணினியாக இருந்தால் லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி, எழுதுவதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். அங்கே தமிழ் 99ஐச் சாதாரண விசைப்பலகைப் பட்டியலிலிருந்து எடுத்தால் புள்ளி தானாக விழாது. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவி, அதிலுள்ள தமிழ் 99ஐத் தேர்ந்தெடுங்கள்; ‘தங்கம்’ அங்கும் ஐந்தே அடிகளில் வரும்.