மூன்று வார இருமலும் ரத்தப் பரிசோதனையும்

கேள்வி: நூற்பாலையில் வேலை பார்க்கும் என் கணவருக்கு வயது 46. மூன்று வாரமாக இருமல். மாலையானால் உடம்பு காய்கிறது. மருந்துக்கடையில் வாங்கிக் குடித்த இருமல் மருந்து கேட்கவில்லை. காசநோயோ என்று அஞ்சுகிறேன். அவரோ, அரசு மருத்துவமனைக்குப் போனால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும், ரத்தப் பரிசோதனை போதும் என்கிறார்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் என்றாலே சளியைச் சோதித்துப் பார்க்க வேண்டும், பஞ்சுத் தூசியாலும் இருமல் வரலாம் என்றாலும், மாலைக் காய்ச்சலும் சேர்ந்திருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் காசநோய்ப் பரிசோதனைகள் தவறான முடிவுகளைத் தந்ததால் 2012இலேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டன. கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் மாண்டூ சோதனையும், கிருமி உடலில் புகுந்திருக்கிறது என்று காட்டுமே தவிர, அது நோயாக மாறிவிட்டதா என்று சொல்லாது.

ஆகவே தேவை சளிதான். பலர் கொடுப்பதோ எச்சில். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்து, காற்றோட்டமான திறந்தவெளியில் நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து இருமி எடுக்கும் கெட்டியான சளியை மருத்துவமனையில் தரும் டப்பாவில் துப்பி, மூடியை இறுக்கிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் கருவி சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவைத் தருவதோடு, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் காட்டிவிடும். நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். சளியில் கிருமி இல்லை என்று வந்தும் இருமல் நிற்காவிட்டால் மீண்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதுவரை கடைக்காரர் தரும் லெவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகள் வேண்டாம். அவை கிருமியைத் தற்காலிகமாக அடக்கிவைத்து, நோயைக் கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்தும்.

நாலு பேருக்குத் தெரியும் என்ற அவருடைய தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் தனியார் மருத்துவரும் காசநோயாளியின் விவரத்தை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதே விதி. அது ஊருக்குச் சொல்வதற்காக அன்று, சிகிச்சை பாதியில் விடுபடாமல் இருப்பதற்காக.

நோய் உறுதியானாலும், மருந்துக்குக் கட்டுப்படும் வகையென்றால் ஆறு மாத மாத்திரைகள் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். நோய் காற்றில் பரவுவதால் தட்டையும் டம்ளரையும் தனியாக வைப்பதில் பயனில்லை. ஜன்னலைத் திறந்துவையுங்கள், இருமும்போது அவர் வாயை மூடிக்கொள்ளட்டும். அவருக்கு உறுதியானால் நீங்களும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும்.